கடை திறந்திருக்கும்போது இருப்பு எடுக்கலாமா?



வருடக் கடைசியில் இருப்பு எடுப்பது நம் எல்லோருக்கும் பழக்கமான வேலை. அன்றைக்குக் கடைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் எடுப்போம். முன்பக்கத்தில் பையன் துவரம்பருப்பு மூட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது, பின்பக்கக் கிட்டங்கியில் லாரியிலிருந்து சரக்கு இறங்கிக்கொண்டும், முன்னால் வியாபாரம் நடந்துகொண்டும் இருந்தால் அந்த இருப்புக் கணக்கு யாருக்கு உதவும்? பையன் எண்ணியதில் பிழை இருக்காது. எண்ணிய நேரம்தான் பிழை.

தகப்பனார் காலத்திலிருந்து தெரிந்த இந்தச் சங்கதியை, கம்ப்யூட்டர் விஷயத்தில் நாங்கள் மறந்துவிட்டோம். அதனால் பட்ட பாட்டை மற்ற அன்பர்களும் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் கடையில் நடந்தது

மதுரை கீழமாசி வீதியில் எங்களுடையது மளிகை மொத்த வியாபாரம். பில் போடுவதற்கும் பாக்கிக் கணக்குக்கும் 1990களில் எழுதி வாங்கிய ஒரு ஃபாக்ஸ்புரோ புரோகிராம். டாஸ் காலத்துச் சரக்கு. பார்க்க அழகில்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பில் போடலாம். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தபோதுகூட, அதையே திருத்தி எழுதி வாங்கிக்கொண்டோமே தவிர மாற்றவில்லை.

2021இல் பழைய கம்ப்யூட்டர் கண்ணை மூடியது. புதிதாக வாங்கியதில் அந்தப் புரோகிராம் ஓடவில்லை. சர்வீஸ் தம்பி ஒரு வழி செய்தார். புதிய கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஒன்றை அமைத்து, அதில் பில் புரோகிராமை ஓடவைத்தார். “அண்ணாச்சி, உங்கள் பழைய கம்ப்யூட்டர் முழுவதும் இப்போது இந்த ஒரே கோப்புக்குள் இருக்கிறது. இதைத் தினமும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்” என்றார். எப்போது எடுக்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கோப்பின் அளவு 40 ஜி.பி. எங்கள் வெளி டிஸ்க் பழையது. வினாடிக்கு 30 எம்.பி. வேகத்தில்தான் எழுதும். கணக்குப் போட்டால் 22 நிமிடம் ஆகும். கடை ஒன்பது மணிக்குச் சாத்துகிறோம் என்றால், பையன் எட்டரை மணிக்கே நகலெடுக்க ஆரம்பித்துவிடுவான். ஒரு பக்கம் நகல் ஓடும், மறு பக்கம் கடைசி நேரத்துப் பில் ஓடும். ஒன்பது மணிக்கு “அண்ணாச்சி, நகல் எடுத்தாச்சு” என்று டிஸ்க்கைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிப்பான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல பையன். ஒரு நாள் தவறியதில்லை.

2023 தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும். கடன் வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நேரம். ஒரு வெள்ளிக்கிழமை காலை கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. உள்ளே இருந்த டிஸ்க் செத்துவிட்டது. “கவலையில்லை, நகல் இருக்கிறது” என்று நான்தான் எல்லோருக்கும் தைரியம் சொன்னேன்.

வேறு கம்ப்யூட்டர் கொண்டுவந்து நகல்களைப் போட்டுப் பார்த்தோம். வியாழக்கிழமை நகலில் விண்டோஸே கிளம்பவில்லை. புதன்கிழமை நகல் கிளம்பியது. பில் புரோகிராமைத் திறந்தால் “இது தகவல் கோப்பு அல்ல” என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. செவ்வாய்க்கிழமை நகல் நன்றாகத் திறந்தது. மனசு நிறைந்து அதிலேயே பில் போட ஆரம்பித்தோம். ஒரு மணி நேரம் கழித்து, ஒரு வாடிக்கையாளரின் பாக்கியைப் பார்த்தால், அவருடைய பில்களைக் கூட்டிய தொகையோடு ஒத்துப்போகவில்லை. இன்னொருவருக்கும் அப்படியே. திறக்காத நகலைவிட, திறந்துகொண்டு பொய் சொல்லும் நகல் ஆபத்தானது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். திங்கட்கிழமை நகலும் கிளம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நகல் மட்டும் காசு சுத்தமாக இருந்தது.

சர்வீஸ் தம்பி கேட்ட ஒரு கேள்வியில் விஷயம் விளங்கியது. “அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்ன வித்தியாசமாகச் செய்தீர்கள்?” ஞாயிறு எங்களுக்கு அரை நாள் கடை. மதியம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சாவகாசமாக நகல் எடுப்பான் பையன். அதுதான் வித்தியாசம்.

நான்கு நாள் கணக்கு போயிற்று. பில்களின் கார்பன் படி இருந்ததால், மூன்று இரவு உட்கார்ந்து அறுநூறுக்கும் மேற்பட்ட பில்களைத் திரும்பப் போட்டோம். வரவு வைத்த பணத்துக்குத்தான் ஆதாரம் சரியாக இல்லை. திருமங்கலம் பக்கத்துக் கிராமத்துக் கடைக்காரர் ஒருவர் தம் நோட்டைக் கொண்டுவந்து, நாங்கள் எழுதாமல் விட்ட 18,400 ரூபாய் பாக்கியை அவராகவே காட்டிக்கொடுத்தார். எல்லோரும் அப்படி இருந்துவிடவில்லை. சந்தேகமான இடங்களில் வாடிக்கையாளர் சொன்னதையே ஏற்றுக்கொண்டோம். நஷ்டம் எங்களுடையது, தவறும் எங்களுடையதுதானே.

கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர்

எங்களைப் போன்ற நிலை இன்று பல கடைகளில் இருக்கிறது. டாஸ் காலத்து 16 பிட் புரோகிராம்கள் 64 பிட் விண்டோஸில் ஓடுவதில்லை. விண்டோஸ் 11 என்பது 64 பிட் வகையில் மட்டுமே வருவது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டதால், பலரும் புதிய கம்ப்யூட்டருக்கு மாறி வருகிறார்கள். பழைய புரோகிராமை விட மனமில்லாதவர்களுக்கு வர்ச்சுவல் மெஷின் கைகொடுக்கிறது.

வர்ச்சுவல் மெஷின் என்பது, நிஜக் கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் உண்டாக்கிய இன்னொரு கம்ப்யூட்டர். விர்ச்சுவல்பாக்ஸ், வி.எம்.வேர், ஹைப்பர்-வி, லினக்ஸில் க்யூஎம்யூ ஆகியவை இதற்கான மென்பொருள்கள். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்குத் தனி ஹார்டு டிஸ்க் கிடையாது. வெளிக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு பெரிய கோப்பையே அது தன் ஹார்டு டிஸ்க் என்று நினைத்துக்கொள்கிறது. இதை டிஸ்க் இமேஜ் என்கிறார்கள். விர்ச்சுவல்பாக்ஸில் அந்தக் கோப்பின் பெயர் வி.டி.ஐ. என்று முடியும்; வி.எம்.வேரில் வி.எம்.டி.கே.; ஹைப்பர்-வியில் வி.எச்.டி.எக்ஸ். உங்கள் கடையில் எது என்று சர்வீஸ்காரரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடைக் கணக்கு முழுவதும் அந்த ஒரு கோப்புதான்.

ஓடும்போது நகலெடுத்தால் ஏன் கெடுகிறது?

ஒரு பில் போட்டால் ஒரே இடத்தில் எழுதப்படுவதில்லை. பில் கோப்பில் ஒரு வரி, சரக்கு இருப்பில் ஒரு கழிவு, வாடிக்கையாளர் பேரேட்டில் ஒரு பற்று, பெயரைத் தேடி எடுக்கும் அட்டவணையில் ஒரு மாற்றம் என்று நாலைந்து இடங்களில் பதிவாகும். ஃபாக்ஸ்புரோ வகைக் கோப்புகளின் தலைப்பில் “இதில் இத்தனை பதிவுகள் உள்ளன” என்ற எண்ணிக்கையும் இருக்கும்.

நகல் எடுப்பது கோப்பின் தொடக்கத்திலிருந்து கடைசி வரை வரிசையாக நடப்பது. 22 நிமிடம் ஆகிறது என்றால், முதல் பகுதி எட்டரை மணி நிலவரம். கடைசிப் பகுதி எட்டு ஐம்பத்திரண்டு நிலவரம். இடையில் பதினைந்து பில் போட்டிருந்தால், தலைப்பில் பழைய எண்ணிக்கை, உள்ளே புதிய பதிவு என்று ஆகிவிடும். பேரேட்டின் முதல் பக்கத்தைக் காலையிலும் கடைசிப் பக்கத்தை மாலையிலும் பார்த்து எழுதியது போலத்தான். எந்த ஒரு நிமிடத்திலும் நம் கடையில் இல்லாத ஒரு கணக்கு அந்த நகலில் இருக்கும்.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. கம்ப்யூட்டர் எழுத வேண்டியதை எல்லாம் உடனுக்குடன் டிஸ்க்கில் எழுதிவிடுவதில்லை. சிலவற்றை மெமரியில் வைத்திருந்து சேர்த்து எழுதும். கல்லாவில் கட்டும் முன் சட்டைப் பையில் இருக்கும் பணம் மாதிரி. நகலில் அது வராது. அடுத்தது, வளர்ந்துகொண்டே போகும் வகை டிஸ்க் கோப்புகளுக்கு உள்ளேயே, எந்தத் தகவல் எந்த இடத்தில் இருக்கிறது என்ற ஒரு வரைபடம் உண்டு. வரைபடம் ஒரு நேரத்தியதும் தகவல் வேறு நேரத்தியதுமாக அமைந்துவிட்டால், டிஸ்க்கே திறக்காமல் போகக்கூடும்.

சில மென்பொருள்கள், ஓடும்போது நகலெடுக்க விடாமல் தடுத்துவிடும். சில தடுக்காது. தடுக்கவில்லை என்பதால் அது சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நிறுத்துவதிலும் முறை உண்டு

எனவே முதல் விதி, நிறுத்திவிட்டு நகல் எடுப்பது. ஆனால் நிறுத்துவது என்பதிலும் மூன்று விதம் இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸில் ஜன்னலை மூடினால் மூன்று வழிகளைக் காட்டும். முறையாக ஷட்டவுன் செய்வது ஒன்று. இருக்கும் நிலையைச் சேமித்து வைப்பது ஒன்று. மின்சாரத்தைப் பிடுங்குவது போல அணைப்பது ஒன்று.

மூன்றாவதை நகலுக்காக ஒருபோதும் செய்யாதீர்கள். இரண்டாவது பார்ப்பதற்கு வசதியாக இருக்கும். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் அப்போது மெமரியில் இருந்தவை வேறொரு கோப்பில் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். டிஸ்க் கோப்பை மட்டும் நகல் எடுத்தால் கணக்கில் பாதி இங்கே, பாதி அங்கே. முதலில் பில் புரோகிராமை மூடி, பிறகு உள்ளே இருக்கும் விண்டோஸை அதன் ஷட்டவுன் மூலம் நிறுத்தி, அது முழுவதும் அணைந்த பிறகு நகல் எடுப்பதே பத்திரமான வழி. ஒரு கோப்பை மட்டும் எடுக்காமல், அந்த மெஷினுக்கான ஃபோல்டர் முழுவதையும் எடுங்கள்.

கடையை மூட முடியாதவர்களுக்கு

“இராத்திரி பதினோரு மணி வரை பில் ஓடுகிறது, எப்படி நிறுத்துவது?” என்று கேட்கும் அன்பர்களுக்கு ஸ்னாப்ஷாட் என்ற ஒரு வசதி இருக்கிறது. பழைய பேரேட்டில் ஒரு கோடு போட்டு மூடிவிட்டு, இனிமேல் வரும் கணக்கை எல்லாம் புதிய நோட்டில் எழுதுவது போன்றது இது. ஸ்னாப்ஷாட் எடுத்தவுடன் பழைய டிஸ்க் கோப்பு அப்படியே அசையாமல் நிற்கும். புதிய எழுத்துகள் எல்லாம் துணைக் கோப்புக்குப் போகும். அசையாமல் நிற்கும் கோப்பை நிம்மதியாக நகல் எடுக்கலாம்.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. ஸ்னாப்ஷாட் எடுக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காவது பில் புரோகிராமை மூடிவிடுங்கள். பாதி எழுதிய பில் நடுவில் கோடு விழக்கூடாது. நகல் முடிந்தபின் ஸ்னாப்ஷாட்டை அந்த மென்பொருளின் மெனு மூலமாகவே நீக்குங்கள்; அப்போதுதான் புது நோட்டில் எழுதியது பழைய பேரேட்டில் சேரும். “இது என்ன தேவையில்லாத கோப்பு” என்று துணைக் கோப்பைக் கையால் அழித்தால், கோடு போட்ட பிறகு நடந்த வியாபாரம் அத்தனையும் போய்விடும். பழைய கோப்பைத் திருத்தினாலும் இதே கதிதான்.

முக்கியமாக, ஸ்னாப்ஷாட்டே நகல் ஆகிவிடாது. பழைய கோப்பும் துணைக் கோப்பும் ஒரே டிஸ்க்கில்தான் இருக்கின்றன. டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

ஒரு பேரேடு, இரண்டு கணக்குப்பிள்ளைகள்

கடையிலும் மாடி ஆபீஸிலும் இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள், ஒரே டிஸ்க் கோப்பைப் பகிர்வு ஃபோல்டரில் போட்டு இரண்டிலும் ஓடவிடலாம் என்று நினைப்பதுண்டு. இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே பேரேட்டின் ஒரே வரியில் எழுதுவதற்கு இது சமம். சில நிமிடங்களில் டிஸ்க் கெட்டுப்போகலாம். இரண்டு இடத்தில் பில் போட வேண்டுமானால், மெஷின் ஒரு கம்ப்யூட்டரில்தான் ஓட வேண்டும். மற்றவர் நெட்வொர்க் வழியாக அதற்குள் வந்து வேலை செய்ய வேண்டும்.

இதைத் தடுக்கத்தான் மென்பொருள்கள் பூட்டுப் போடுகின்றன. க்யூஎம்யூவில் 2017இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து இந்தப் பூட்டு இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினின் டிஸ்க்கை அதன் துணைக் கருவியால் மாற்றக் கூடாது, மாற்றினால் டிஸ்க் அழியலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. வி.எம்.வேர் தன் பூட்டுக்கென்று தனிக் கோப்பு வைக்கும். “ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது” என்ற செய்தி வந்தால், பூட்டுக் கோப்பை அழித்துவிட்டு உள்ளே போகாதீர்கள். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஒருவரும் இல்லை, முந்தின நாள் கரண்ட் போனபோது மிஞ்சிய பூட்டு என்று உறுதியானால் மட்டும், முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, தெரிந்தவரை வைத்துத் திறக்கவும்.

டிஸ்க்கின் அளவைக் கூட்டுவது, சுருக்குவது, வெளியிலிருந்து திறந்து உள்ளே கோப்பைப் போடுவது எல்லாமே மெஷின் முழுவதும் அணைந்திருக்கும்போது செய்ய வேண்டிய வேலைகள். ஸ்னாப்ஷாட் நிலுவையில் இருக்கும்போதும் இவற்றைச் செய்யக் கூடாது.

மற்றும் சில எச்சரிக்கைகள்

இன்டர்நெட் மூலம் தானாக நகல் அனுப்பும் ஃபோல்டருக்குள் ஓடும் டிஸ்க் கோப்பை வைக்காதீர்கள். ஒவ்வொரு பில்லுக்கும் கோப்பு மாறும். ஓடும்போதே நகல் எடுக்கும் தவறைத்தான் அதுவும் செய்யும். நிறுத்தியபின் எடுத்த நகலை அதில் போடலாம்.

எஃப்.ஏ.டி.32 முறையில் அமைத்த பென் டிரைவில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரு கோப்பு ஏறாது. டிஸ்க்கை என்.டி.எஃப்.எஸ். முறையில் அமைத்துக்கொள்ளுங்கள். நகல் முடிந்ததும் முறையாக வெளியேற்றிவிட்டே கழற்றுங்கள்.

வெளிக் கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வளரும் டிஸ்க்கும் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து இடத்தை நிரப்பினால், நடு வியாபாரத்தில் மெஷின் நின்றுவிடும். யு.பி.எஸ். இல்லாமல் ஓட்டாதீர்கள்.

உள்ளே இருப்பது எக்ஸ்பி என்றால் அதற்கு இன்டர்நெட் தொடர்பு கொடுக்காதீர்கள். அதற்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்துவிட்டது.

எடுத்த நகலைத் திறந்து பாருங்கள்

எங்கள் கடையின் இரண்டாவது தவறு இது. இரண்டு வருடம் தினமும் நகல் எடுத்தோம். ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. இப்போது மாதம் ஒரு முறை, நகலின் நகலை வேறொரு கம்ப்யூட்டரில், நெட்வொர்க் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஓட்டிப் பார்க்கிறோம். பார்ப்பது மூன்றே விஷயம். கடைசிப் பில் எண் சரியாக இருக்கிறதா? அன்றைய ரொக்கக் கூட்டல், கல்லாச் சீட்டோடு ஒத்துப்போகிறதா? பெரிய வாடிக்கையாளர் ஐந்து பேரின் பாக்கி, அவரவர் பில்களோடும் வரவுகளோடும் டாலி ஆகிறதா? மூன்றும் சரி என்றால்தான் அது நகல்.

தினமும் கடை சாத்தும் முன் பில் புரோகிராமுக்குள்ளேயே இருக்கும் பேக்கப் வசதி மூலம் தகவலை மட்டும் எடுக்கிறோம்; அது சிறியது, சீக்கிரம் முடியும். முழு மெஷினை வாரம் ஒரு முறை, ஷட்டவுன் செய்தபின் எடுக்கிறோம். இரண்டு வெளி டிஸ்க்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கும். கடையில் தீப்பிடித்தாலோ தண்ணீர் புகுந்தாலோ இரண்டும் ஒரே மேஜை இழுப்பறையில் இருந்து என்ன பயன்?

சட்டமும் இதைக் கேட்கிறது

கணக்குப் புத்தகங்களை, அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆவது பிரிவு கூறுகிறது. கம்ப்யூட்டரில் கணக்கு வைப்போர், விபத்தினாலோ இயற்கைக் காரணத்தாலோ அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்டெடுக்கக்கூடிய விதத்தில் முறையான நகல் வைத்திருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதிகளில் 57ஆவது விதி சொல்கிறது. நகல் வைத்திருந்தால் மட்டும் போதாது. அதிலிருந்து மீட்க முடிய வேண்டும். எங்களிடம் ஐந்து நகல் இருந்தது, மீட்க முடிந்தது ஒன்றே ஒன்று.

இப்போதும் எங்கள் பையன்தான் நகல் எடுக்கிறான். ஆனால் சனிக்கிழமை இரவு கடைசிப் பில் போட்டு, புரோகிராமை மூடி, மெஷின் முழுவதும் அணைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே டிஸ்க்கைச் சொருகுகிறான். அன்று மட்டும் அவனுக்கு அரை மணி நேரம் தாமதம் ஆகிறது. அவனைப் பஸ்ஸுக்கு அலையவிடாமல், நானே வண்டியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன். நான்கு நாள் கணக்கைத் தொலைத்தவனுக்கு இது ஒரு செலவே இல்லை.